வயர் எட்டாத கூடம்

பனைவிளாகம் சமுதாயக் கூடம் வெளியிலிருந்து பார்த்தால் நாற்பதடி நீளம், இருபதடி அகலம், இன்றைக்கும் அதே நாற்பதுக்கு இருபதுதான், ஓர் ஆடு அதைச் சுற்றி வர ஒரு நிமிடம் போதும். உள்ளே போய்விட்டால் கதை வேறு. அது நீள ஆரம்பித்ததை ஊரில் முதலில் கண்டவன் நான், அதற்காக எனக்கு ஏதோ தனி ஞானம் உண்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், நான் மைக்செட் போடுகிறவன், அம்மன் கொடைக்கும் அந்தோணியார் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் மீலாது விழாவுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுபோகிறவன். அந்தக் கூடத்துக்கென்றே அளந்து வெட்டிய வயர் ஒன்று என்னிடம் இருந்தது, நடு மேடையிலிருந்து மேற்குச் சுவரின் ஸ்பீக்கர் பாக்ஸ் வரைக்கும் இழுத்தால் ஒரு சாண்கூட மிஞ்சாது. இரண்டாவது நல்லிணக்கக் கூட்டத்தன்று அந்த வயர் மூன்றடி எட்டவில்லை. வயர்தான் சுருங்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு துண்டை ஒட்டுப்போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கூட்டம் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அம்மன் கொடையில் முளைப்பாரி ஊர்வலம் பள்ளிவாசல் தெருவைக் கடக்கும்போது மேளம் நிற்கவில்லை என்று ஒரு பேச்சு வந்தது, பேச்சு ஏச்சானது, ஏச்சு கல்லானது, எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும், அந்தப் பத்து நிமிடத்தில் ஏழெட்டு ஓடுகள் உடைந்தன, இரண்டு டியூப்லைட் உடைந்தது, வாட்ச் ரிப்பேர் அசன்கனியின் வலது கண் போயிற்று. அந்தக் கண்ணில்தான் அவர் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஊரின் கடிகாரங்களையெல்லாம் ஓட வைத்துக்கொண்டிருந்தார். போலீஸ் வந்து ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதிக்கொண்டு போனது. தாசில்தார் வந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குற்றாலிங்கம் ஐயாவைத் தலைவராகவும், ஜமாத் தலைவர் மசூது பாயையும் அந்தோணியார் கோயில் பங்குச்சாமி வியாகப்பனையும் அவருக்குத் துணையாகவும் வைத்து, மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஊர் ஒன்றாக உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் தங்கமான மனிதர்கள், இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்காது.

கிழக்கே அம்மன் கோயில்காரர்கள், மேற்கே பள்ளிவாசல்காரர்கள், நடுவில் மேடை, மேடையைச் சுற்றி அந்தோணியார் கோயில்காரர்கள் என்று நாற்காலி போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே, வீண் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று, ஒருவர் தெருவுக்குள் ஒருவர் தேவையில்லாமல் போவதில்லை, எதுவானாலும் இரண்டாம் ஞாயிறு கூட்டத்தில் பேசிக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் துக்கம் விசாரிப்பது, கல்யாணத்துக்கு அழைப்பது, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுப்பது எல்லாமே இரண்டாம் ஞாயிறுக்குப் போயிற்று. தெருவில் எதிரே பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, “ஞாயித்துக்கெழம பேசுவோம்” என்று போய்விடுவார்கள்.

கூடம் நீளுகிறது என்று மூன்றாவது மாதம் எல்லோருக்குமே தெரிந்துவிட்டது, யாரும் அலறவில்லை. பெயிண்டர் வந்து, புதிதாக வந்திருந்த சுவருக்கும் பழைய நிறத்திலேயே அடித்துவிட்டுப் போனார். டேப்போடு வந்த இன்ஜினியர் வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், மறுபடி வெளியே அளந்தார், பிறகு டீ குடித்துவிட்டு, பிளான்படி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணக்காரர்களுக்குக் கொண்டாட்டம், ஒரே பந்தியில் ஆயிரம் இலை போடலாம், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து தேதி கேட்டார்கள். பெண்பிள்ளைகள் கிழக்கேயிருந்து மேற்கே சைக்கிள் பழகினார்கள். எட்டாவது மாதம் நடுவில் ஒரு டீக்கடை வந்தது, பத்தாவது மாதம் ஷேர் ஆட்டோ ஓடியது, பன்னிரண்டாவது மாதம் மேற்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் கிழக்கே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போயிற்று, அதற்கும் ஒரு தீர்மானம் போட்டுப் பெரிய திரை கட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் நல்லிணக்கத்துக்கு எவ்வளவு பெரிய இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வியந்துவிட்டுப் போனார்கள், நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம்.

நான் வயரோடு பிழைப்பவன், அதனால் எது பேசினால் எவ்வளவு நீளுகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. மேடையில் ஒருவர் எழுந்து “எங்கள் அன்புக்குரிய இஸ்லாமியச் சகோதரர்களே” என்று சொல்லும்போது மேற்குச் சுவர், படுத்திருக்கிற மாடு லேசாக நகர்ந்து படுப்பது மாதிரி நகரும், “இந்துச் சகோதரர்களே” என்றால் கிழக்குச் சுவர். சமபந்தி என்று ஒரு மாதம் வைத்தார்களே, அது மோசம். மசூது பாய், இந்துக்கள் சங்கடப்படக் கூடாது என்று பிள்ளைமார் தெருச் சமையல்காரரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டிலேயே சாம்பாரும் அவியலும் செய்யச் சொல்லிக் கொண்டுவந்தார். குற்றாலிங்கம் ஐயா, முஸ்லிம்கள் சங்கடப்படக் கூடாது என்று பள்ளிவாசல் தெருவில் சமைக்கிற பண்டாரியிடமே சொல்லி பிரியாணி போட்டு எடுத்து வந்தார். ஆக, அவரவர் தெருச் சோறு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து அவரவர் இலையிலேயே விழுந்தது, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு ஒருவரையொருவர் புகழ்ந்தார்கள், அன்றைக்கு மட்டும் நானூறு அடி நீண்டது.

ஒரே ஒரு தடவை கூடம் சுருங்கியது. வாசலில் செருப்பு மாறிப்போய், கிழக்குத் தெரு கொத்தனாரும் மேற்குத் தெரு கறிக்கடைக்காரரும் கால் மணி நேரம் ஏலே, வாலே என்று கத்திச் சண்டை போட்டு, கடைசியில் இரண்டு செருப்புமே மூன்றாவது ஆளுடையது என்று தெரிந்து, இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு வெறுங்காலோடு சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள். மறுமாதம் என் வயர் ஒரு சாண் மிஞ்சியது. நான் ஓடிப்போய்க் குற்றாலிங்கம் ஐயாவிடம் சொன்னேன், அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, இனி அப்படியொரு சண்டை வராதபடி டோக்கனோடு செருப்பு ஸ்டாண்ட் வைத்துவிட்டார்.

இதையெல்லாம்கூட நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். சிரிக்க முடியாதது வடிவு விஷயம்.

செண்பகவடிவும் அசன்கனியின் சம்சாரம் மைமூனும் பதினாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர்கள், ஒருத்திக்கு இலை குறைந்தால் மற்றவள் சுளகிலிருந்து கேட்காமலே கை எடுக்கும். கண் போனபிறகு அசன்கனி வாட்ச் கடையை மூடிவிட்டு, சொந்தக்காரர்கள் இருக்கிற மேற்குத் தெருவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்தக் கல்லை எறிந்தது வடிவின் மகன் சுடலைராஜன். மொட்டைமாடியில் வற்றல் அள்ளிக்கொண்டிருந்தவள் தன் கண்ணால் பார்த்தாள், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவனிடம் கேட்டதற்கு, “நான் ஒருத்தனா எறிஞ்சேன்?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தானாம், அவளும் சோறு போட்டாளாம்.

ஏழாவது மாதம், கூட்டம் முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றுதான் எனக்கு இது தெரியும். எதற்கோ வந்தவள் மாதிரி ஒரு பாக்ஸைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

“மைமூன்ட்ட சொல்லணும் அண்ணாச்சி. வேற யார்ட்டயும் இல்ல. அவ கையப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லணும். பெறவு அவ என்னைய அடிச்சாலும் சரி, போலீஸ்ல சொன்னாலும் சரி.”

“போன்ல சொல்லிரு தாயி.”

“போன்ல சொல்லுத விசயமா இது?”

“அப்ப வீட்டுக்குப் போ.”

“போனேன். தெருமுக்குலயே நிறுத்திட்டாவ. ‘என்ன விசயம்மா, எதுன்னாலும் ஞாயித்துக்கெழம பேசலாமே’ன்னு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் குடுத்து, ஆட்டோ வச்சி அனுப்பிட்டாவ. அவ்வளவு மரியாதயா அனுப்புதவங்கள்ட்ட என்னத்தச் சொல்ல?”

முதல் கூட்டத்தில் இரண்டு பேருக்கும் நடுவே முப்பதடிதான் இருந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தாளாம், தேசிய கீதம் முடிந்த கையோடு பெண்களை அந்தந்தத் தெரு வேனில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது மாதம் நடுவிலேயே எழுந்து நடந்தாள், வாலண்டியர் பிள்ளைகள் “ஒக்காருங்கம்மா, ஐயா பேசிக்கிட்டிருக்காவ” என்று கை கூப்பி உட்கார வைத்தார்கள். அதன்பிறகு, பேச்செல்லாம் முடிந்து எழுந்து நடந்தால் போய்ச் சேர்வதற்குள் மணி ஆறாகிவிடும், ஆறுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் மைமூன் திரும்பிப் பார்ப்பாளாம், இவளும் பார்ப்பாளாம், மாதாமாதம் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனதாம். அதைச் சொல்லும்போது வடிவு அழவில்லை, நான்தான் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபதாவது மாதத்துக் கூட்டத்துக்கு முன்னால் கமிட்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. பதினாலு வருஷம் ஒன்றாகப் பீடி சுற்றிய இரண்டு பெண்கள், ஒருத்தியின் கணவருக்கு இப்படி ஆன பின்னாலும் ஒரு வார்த்தை கசப்பாகப் பேசியதில்லை, இவர்களல்லவா நட்புக்கு இலக்கணம் என்று சொல்லி, இரண்டு பேரையும் நடு மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதாக நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நோட்டீஸைப் பார்த்ததும் வடிவு என் கடைக்கே வந்துவிட்டாள். அந்த மேடையில் மைமூனின் கையைப் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“அவ வந்து சேர முடியலன்னா?” என்று கேட்டேன், அந்தக் கூடத்தை அளந்தவன் நான்தானே.

நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “அப்ப மைக்குல சொல்லிருதேன். ஊரே கேக்கட்டும். இனியும் வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு இருக்க முடியாது அண்ணாச்சி.”

“நீ பேசு தாயி. கடைசி பாக்ஸ் வரைக்கும் கேக்குத மாதிரி நான் சத்தத்தக் கூட்டி வைக்கேன்” என்றேன். இதை நான் சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கிழக்கேயிருந்து ஓர் ஆட்டோவும் மேற்கேயிருந்து ஓர் ஆட்டோவும் கிளம்பின. கிழக்கு ஆட்டோ இருபது நிமிடத்தில் வந்துவிட்டது, வடிவு இறங்கி மேடையேறி ஓரமாக நின்றாள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேற்கு ஆட்டோ வந்துகொண்டிருந்தது, திரையில் பார்த்தோம், மைமூன் பின் சீட்டில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் வந்து சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று குற்றாலிங்கம் ஐயா அந்த நட்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சுவர் நகர்ந்தது. அடுத்து மசூது பாய், இப்படிப்பட்ட தாய்மார்கள் இருக்கும்வரை இந்த ஊரை யாரும் பிரிக்க முடியாது என்று பேசினார், சுவர் நகர்ந்தது. பங்குச்சாமி இருவரையும் வாழ்த்திப் பேசினார், நகர்ந்தது. ஆட்டோ முழு வேகத்தில் வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் திரையில் சின்னதாகிக்கொண்டே போனது, நான் மேடைக்குக் கீழேயிருந்து போதும் போதும் என்று கை காட்டினேன், சத்தம் போதுமென்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டு பங்குச்சாமி குரலை உயர்த்தினார். கடைசியில் ஆறாவது பாக்ஸ் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்து ஆட்டோ நின்றுவிட்டது. அங்கேயிருந்து மேடைக்கு இன்னும் இரண்டு மைல்.

மைமூன் இறங்கி நின்றாள். மணி ஐந்தரை ஆகியிருந்தது. பாதகமில்லை, அம்மா ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று குற்றாலிங்கம் ஐயா வடிவை மைக்குக்கு அழைத்தார்.

வடிவு என்னைப் பார்த்தாள். நான் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

“மைமூனு, நான் வடிவு பேசுதேன்” என்றாள், ஆறாவது பாக்ஸிலும் அது கேட்டது, திரையில் மைமூன் தலையை நிமிர்த்தினாள். “ஒன் வீட்டுக்காரர் கண்ணுல பட்டுச்சில்லா, அந்தக் கல்லு. அத எறிஞ்சது...”

குற்றாலிங்கம் ஐயா பதறிப்போய்க் கையைத் தூக்கினார். மேடையில் யாராவது ஏடாகூடமாகப் பேச ஆரம்பித்தால் தலைவர் கையைத் தூக்குவார், மைக்செட்காரன் மைக்கை அணைத்துவிட்டு, கரண்ட் கோளாறு என்று வயரை ஆட்டிக்கொண்டு நிற்பான், இது தொழில், முப்பது வருஷமாக எல்லாக் கட்சிக்கும் எல்லாக் கோயிலுக்கும் நான் செய்துகொடுத்தது. கை தூக்கியதும் என் விரல் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போய் ஸ்விட்சை அணைத்துவிட்டது.

“...எம் மவந்தான்” என்று வடிவு சொன்னது மேடையிலிருந்த மூன்று பெரியவர்களுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது.

மூன்று பெரியவர்களும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப?” என்றார் குற்றாலிங்கம் ஐயா, அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “நாங்க அன்னைக்கே மறந்துட்டோம் தாயி, மனசுல எதையும் வச்சிக்கிடாத” என்றார் மசூது பாய். “ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா” என்றார் பங்குச்சாமி. மூன்று பேரும் மனதாரத்தான் சொன்னார்கள், யாருடைய கண்ணும் போகாத மூன்று பேர் அந்தக் கண்ணை ஒரு நிமிடத்தில் மன்னித்துவிட்டார்கள். பிறகு மைக்கைப் போடச் சொல்லி, நடந்ததையெல்லாம் இரு தரப்பும் மறந்துவிட்டதாக அறிவித்தார்கள், கிழக்கே கைதட்டினார்கள், ரொம்ப நேரம் கழித்து மேற்கேயும் கைதட்டுச் சத்தம் கேட்டது. மேற்குச் சுவர் போன வேகத்தில் என் வயர் விறைத்து நின்றது.

கைதட்டல் அடங்கியதும் ஆறாவது பாக்ஸ் பக்கத்து மைக்கிலிருந்து மைமூனின் குரல் வந்தது. பேச்சாளர்கள் நடக்க வேண்டாமென்று பாக்ஸுக்கு ஒரு மைக் நான்தான் கட்டியிருந்தேன்.

“ஏட்டி வடிவு, பாதியில மைக்கு போயிட்டு. யாரு எறிஞ்சதுன்னு சொன்ன? திருப்பிச் சொல்லு.”

ஆயிரம் பேருக்கு மேல் இருந்தோம், மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன், என் விரலை எனக்கே நம்பிக்கை இல்லை. குற்றாலிங்கம் ஐயாவின் கை மடியிலேயே கிடந்தது. வடிவு கிழக்கே பார்த்தாள், அங்கே மகன் எங்கோ உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் கண்ணுக்கு எட்டியிருக்காது. திரையைப் பார்த்தாள், அதில் மைமூன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இருபது மாதம் சேர்த்து வைத்த தெம்பு ஒரு தடவை சொல்லத்தான் போதுமானதாக இருந்தது, அந்த ஒரு தடவையை நான் வாங்கி அணைத்துவிட்டேன்.

“ஒண்ணுமில்லட்டி” என்றாள் வடிவு. “எறிஞ்சது யாருன்னு தெரியலையேன்னு சொன்னேன்.”

அது போய்ச் சேரவும் பதில் திரும்பி வரவும் நேரமாயிற்று. மைமூன் மைக்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

“சரிட்டி” என்றாள். “மணி ஆறாகப்போவுது, நான் இங்கனயே திரும்புதேன்.”

அவள் மேற்கே பார்த்து நடக்க ஆரம்பித்தாள். மைக்கில் யார் பேசி முடித்தாலும் கைதட்டுவது எங்கள் ஊர் வழக்கம், அன்றைக்கும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.